இரண்டு கம்பியில் பேசும் மெசின்கள்

இப்போது பல பெக்டரிகளில் பெனல் பெட்டியைத் திறந்தால், பழைய கொன்டாக்டர்களுக்கும் பியூஸ்களுக்கும் பக்கத்தில், பச்சை விளக்குகள் மின்ன ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பி.எல்.சி. என்று சொல்லப்படுவது அதுதான். எந்த மோட்டர் எப்போது ஓட வேண்டும், எந்தச் சூட்டில் எது நிற்க வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்த புரோகிராமை அது இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கும். 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கார்க் கம்பனி, நூற்றுக்கணக்கான ரிலேகளை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுகிற தொல்லைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதற்கு மொடிகொன் 084 என்ற பெட்டியைச் செய்து கொடுத்தார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் இன்று நம் பெனலுக்குள் இருப்பதும்.

பி.எல்.சி.யைப் பற்றி முழுவதும் இங்கே எழுதப்போவதில்லை. அதன் பக்கத்தில் மாட்டுகிற இன்னொரு சின்னத் துண்டு இருக்கிறது. தொடர்பு மொடியூல் என்பார்கள். அதை எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது என்பதுதான் இந்தப் பாடம். பெக்டரியில் வேலை செய்கிற தம்பிமாரும், உயர்தரம் முடித்து தொழிற்பயிற்சிக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளைகளும் கவனமாகப் படிக்க வேண்டும். ரோலர் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு பகுதி இருக்கிறது. அது கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது போல

கொழுந்து வாட்டும் தொட்டிகள் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் விசிறிக்கும் வேகம் மாற்றும் டிரைவ் ஒன்று. கீழே டிரையருக்கு ஒரு பி.எல்.சி. இத்தனையின் சூடு, வேகம், ஓட்டம் எல்லாவற்றையும் டீ மேக்கர் தன் அறையில் ஒரே திரையில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் பெக்டரி முழுக்கக் கம்பியாகிவிடும். தொடர்பு மொடியூல் இருந்தால் முறுக்கிய இரண்டு கம்பி போதும். எல்லா மெசினும் அந்த ஒரே சோடியில் பேசும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அதிகம் புழக்கத்தில் உள்ள ஒழுங்குக்கு மொட்பஸ் என்று பேர். 1979இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. அது நம் பிரட்டுக்களம் மாதிரிதான். கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்து ஒரு பேரைக் கூப்பிடுவார். அந்த ஆள் மட்டும் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. கூப்பிடாமல் யாரும் பேசவும் கூடாது. இங்கே கூப்பிடுகிறது தலைமை பி.எல்.சி. பேருக்குப் பதில் இலக்கம். 1 முதல் 247 வரை கொடுக்கலாம். இரண்டு மெசினுக்கு ஒரே இலக்கம் போட்டுவிட்டால், ஒரே பேரில் இரண்டு பேர் ஒன்றாக ‘ஆமா சாமி’ சொன்ன கதைதான். பூச்சியம் என்ற இலக்கத்தில் கூப்பிட்டால் எல்லாரும் கேட்க வேண்டும், யாரும் பதில் சொல்லக்கூடாது.

கம்பி ஏன் இரண்டு, அதுவும் ஏன் முறுக்கியது? ஆர்.எஸ்.485 என்ற இந்த முறையில், இரண்டு கம்பிக்கும் இடையில் உள்ள வோல்ற்று வித்தியாசத்தைத்தான் மொடியூல் படிக்கிறது. கொழுந்து மடுவத்தில் கூடையோடு நிறுத்துவிட்டு கூடையின் எடையைக் கழிப்பது போல. (எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது வேறு சண்டை.) பக்கத்தில் பெரிய மோட்டர் ஒன்று கிளம்பும்போது அதன் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவாக ஏறும். கழித்துப் பார்த்தால் இரைச்சல் போய்விடும், செய்தி மிஞ்சும். முறுக்கில்லாத கம்பியைப் போட்டால் இரைச்சல் சமமாக ஏறாது, கழித்தாலும் மிஞ்சும். ‘வயர் எல்லாம் ஒண்ணுதானே’ என்று மிச்சமிருந்த லைட் வயரை இழுக்கிற பழக்கம் இங்கே உதவாது.

மாட்டும் விதம்

முதலில் கரண்டை நிறுத்த வேண்டும். பிரதான சுவிச்சை இறக்கி, அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். ஒருவரிடம் சொல்லி வைப்பது போதாது. சொன்னவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார், வேறொருவர் வந்து சுவிச்சைத் தூக்குவார். டிரைவ்களுக்குள் கரண்ட் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருப்பார்கள். அதைப் படித்து, அந்த நேரம் கழிந்த பிறகு டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மொடியூலைத் தொடுவதற்கு முன் எர்த் ஆன இரும்பு ஒன்றைத் தொடுங்கள். நம் உடம்பில் தேங்கும் நிலைமின் ஒரு பொட்டு போதும், உள்ளே உள்ள இலத்திரனியல் சில்லு செத்துவிடும். பி.எல்.சி.யின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் முள் தெரியும். சில கம்பனிகளில் தொடர்பு மொடியூல் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். ஆகவே முள்ளைப் பார்த்துப் பொருத்துங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். சரியாக இருந்தால் ‘டக்’ என்று உட்காரும்.

கம்பி போகும் வழி அடுத்தது. இது லயத்துக் காம்பரா மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். முதலாம் மெசினிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது. நடுவில் ஒரு பெட்டி வைத்து நாலா பக்கமும் கிளை பிரிக்கக்கூடாது. கிளை நுனியில் செய்தி மோதித் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் குழப்பும். அதே காரணத்தால்தான் வரிசையின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடையி ஒவ்வொன்று போடுகிறோம். முனையில் மட்டும்தான், நடுவில் வேண்டாம். மெதுவான வேகத்தில் இந்த வரிசை 1200 மீற்றர் வரை போகும். சாதாரணமாக 32 கருவிகள் தாங்கும்.

மோட்டர் கேபிளோடு சேர்த்து ஒரே குழாயில் இதை இழுக்க வேண்டாம். குறுக்கே போக நேர்ந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும். கேபிளின் மேல் சுற்றியிருக்கும் உலோக வலையை வழக்கமாக ஒரு முனையில் எர்த் பண்ணினால் போதும். மொடியூலோடு வந்த கைநூலில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். மூன்றாவதாக ‘பொது’ என்ற முனை இருந்தால் அதற்கும் ஒரு கம்பி இழுங்கள். இரண்டு கம்பி போதும் என்று பெருமை பேசுகிறோமே தவிர, மூன்றாவது இருந்தால்தான் தூரத்து மெசின்கள் நிலையாகப் பேசும்.

கம்பி வேலை முடிந்ததும், கரண்ட் கொடுப்பதற்கு முன், மல்டிமீற்றரை ஓம் பக்கம் வைத்து இரண்டு கம்பிக்கும் இடையில் அளந்து பாருங்கள். 60 ஓமுக்குக் கிட்ட வந்தால் இரண்டு முனையிலும் தடையி இருக்கிறது. 120 என்றால் ஒன்று இல்லை, அல்லது நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது ஒன்றையும் போட்டுவிட்டார்கள். பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு நிமிட வேலை. பின்னால் ஒரு நாள் தேடுவதை இது மிச்சப்படுத்தும்.

ஒரே வேகம், ஒரே பேச்சு

எல்லா மெசினிலும் வேகமும் எழுத்து அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். நொடிக்கு 9600 பிட் என்று வைத்தால் எல்லாவற்றிலும் 9600. பரிட்டி என்ற சரிபார்க்கும் பிட்டும் அப்படியே. இதைவிட வேகமாக வேண்டுமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9600இல் ஒரு எழுத்துக்கு 11 பிட் என்றால் 1.15 மில்லி செக்கன் ஆகும். கேள்விக்கு 8 எழுத்து. பத்துக் கணக்குகளைக் கேட்டால் பதிலுக்கு 25 எழுத்து. இடைவெளியையும் சேர்த்து ஒரு மெசினுக்குச் சுமார் 50 மில்லி செக்கன். பன்னிரண்டு தொட்டியையும் ஒரு செக்கனுக்குள் சுற்றி வந்துவிடலாம். கொழுந்து வாட மணிக்கணக்காகிறது, இதற்கு அதிக வேகம் எதற்கு? மெதுவாகப் போனால் இரைச்சலும் குறைவாகவே கெடுக்கும்.

கணக்குகள் தசமம் இல்லாமல் முழு எண்ணாகவே வரும். 96.5 பாகை என்பதை 965 என்று அனுப்பும், நாம் பத்தால் வகுத்துக் காட்ட வேண்டும். இன்னொரு சிக்கல்: கைநூலில் 40001 என்று எழுதியிருக்கும் இடத்தைக் கம்பியில் 0 என்று கேட்க வேண்டும். ஒன்று தள்ளிப் படித்தால் சூட்டுக்குப் பதில் விசிறி வேகம் வரும். அந்த எண்ணும் பார்க்கச் சரி போலவே இருக்கும். ஆகவே முதல் நாள் ஒவ்வொரு கணக்கையும் மெசின் பக்கத்திலுள்ள மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

திரையில் உள்ளது நேற்றைய சூடா?

டிரையர்க்காரரும் எலெக்ட்ரீசியனும் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, ஸ்கிரீன்ல 96ன்னு காட்டுது. ஆனா தேயில கருகின வாசம் வருதே.”

“ஸ்கிரீன் பொய் சொல்லுமாடா? 96ன்னா 96தான்.”

“அரை மணியா அதே 96 அண்ணே. கொஞ்சங்கூட ஏறல, இறங்கல.”

தம்பிதான் சரி. ஓடுகிற டிரையரின் சூடு ஒரே எண்ணில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தால், பல அமைப்புகளில் கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நின்றுவிடும். ஒன்றும் வராதபோதும் எல்லாம் சரி போலத் தெரியும். தொடர்பு மொடியூல் கெட்டுப்போவது பெரிய ஆபத்தல்ல. கெட்டது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. டிரையரில் அது தீயாகவும் முடியலாம்.

இதற்கு வழி சுலபம். ஒவ்வொரு மெசினிலும் செக்கனுக்கு ஒன்று கூடுகிற ஓர் எண்ணை வையுங்கள். அதுதான் அதன் நாடி. தலைமை பி.எல்.சி. அந்த நாடியைப் பார்க்கட்டும். ஐந்து செக்கனுக்கு அது மாறாவிட்டால், திரையில் எண்ணை அழித்துக் கோடு காட்ட வேண்டும், மணியும் அடிக்க வேண்டும். டிரைவ்களிலும் ‘தொடர்பு அறுந்தால் என்ன செய்ய’ என்று ஒரு அமைப்பு உண்டு. அதைப் பெட்டியோடு வந்தபடி விடாமல், மெசினுக்கு மெசின் யோசித்து வையுங்கள். கொழுந்துத் தொட்டி விசிறி அதே வேகத்தில் ஓடட்டும், காற்று நின்றால் கொழுந்து சூடேறிக் கெடும். கொழுந்தைத் தள்ளிக் கொடுக்கிற பட்டி நிற்கட்டும்.

இனி ரோலர் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு. அவசர நிறுத்தப் பொத்தானும், காப்பு மூடியின் சுவிச்சும் இந்த இரண்டு கம்பி வழியே போகக்கூடாது. சாதாரணத் தொடர்பு மொடியூல் அதற்குச் செய்யப்பட்டதல்ல. அவை தனிக் கம்பியில் நேரே போய் மோட்டரின் கரண்டை வெட்ட வேண்டும். புது மெசின் பூட்டும் நாளில் நீங்களே கேளுங்கள்: “இந்தப் பொத்தானை அமுக்கினா, கொம்பியூட்டர் செத்துக் கிடந்தாலும் மெசின் நிக்குமா?” தொடர்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடவிட்டு, அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் கை.

அதே போல, அறைக்குள்ளிருந்து மெசினைக் கிளப்ப முடிகிற இடத்தில், கழுவும்போதும் துப்புரவு செய்யும்போதும் ஆபத்து கூடும். உள்ளே ஆள் இருப்பது திரைக்குத் தெரியாது. மெசின் பக்கத்தில் ‘இங்கே – அங்கே’ சுவிச் ஒன்று இருக்க வேண்டும். அதை ‘இங்கே’ பக்கம் திருப்பினால் அறையிலிருந்து கிளப்ப முடியாது. ஆனால் அந்தச் சுவிச்சை மட்டும் நம்பிக் கையை விடாதீர்கள். பிரதான சுவிச்சில் பூட்டு விழுந்த பிறகுதான் துப்புரவு.

பிழை தேடுதல்

மொடியூலின் முகத்தில் இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. அனுப்புவதற்கு டி.எக்ஸ்., வாங்குவதற்கு ஆர்.எக்ஸ். தலைமை மொடியூலில் டி.எக்ஸ். மட்டும் மின்னினால், கூப்பிடுகிறது, பதில் இல்லை. இலக்கம், வேகம், கம்பி மூன்றையும் பாருங்கள். ஏ, பி என்று எழுதிய முனைகளை எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. புது மெசின் பேசாவிட்டால் இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் எரியாது. இரண்டு விளக்கும் மின்னி, பிழை மட்டும் கூடினால், இரட்டை இலக்கமோ, பரிட்டியோ, இரைச்சலோ காரணம். இரண்டுமே மின்னாவிட்டால் புரோகிராமில் அந்த மொடியூலே சேரவில்லை.

வரிசை முழுக்கச் செத்தால் நடுவில் கழற்றி, முதற் பாதி பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால் பிழை அடுத்த பாதியில். அதையும் இரண்டாகப் பிரியுங்கள். பன்னிரண்டு மெசினில் நாலு முறைக்குள் பிடித்துவிடலாம்.

மலைநாட்டில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வந்தால் முதலில் அடிபடுவது இந்த மொடியூல்தான். ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி போனால் இரண்டு பக்கமும் இடிதாங்கிக் கருவி போடுங்கள். முடிந்தால் அந்தத் துண்டுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடுவது இன்னும் நல்லது, அதில் மின்சாரம் பாயாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. எந்த மெசினுக்கு எந்த இலக்கம், என்ன வேகம், தடையி எந்த இரண்டு முனையில், எந்தக் கணக்கு எந்த இடத்தில் என்று ஒரு கொப்பித் தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். மாற்றம் செய்கிற அன்றைக்கே அதில் தேதியோடு திருத்துங்கள். இரவு இரண்டு மணிக்கு டிரையர் நிற்கும்போது கம்பி இழுத்த ஆள் லயத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். அப்போது பெனல் முன்னால் நிற்கிறவருக்கு அந்தத் தாள்தான் துணை.