வீழ்ந்த சங்கமும் விலக்கப்படாத மானேஜரும்

உதைபந்தாட்டச் சங்கங்களுக்கு நேரும் தோல்வி இருவகைத்து. ஓர் ஆட்டத்தில் தோற்றல் ஒன்று. ஓராண்டு முழுதும் ஆடிய ஆட்டங்களின் பயனாகத் தான் இருந்த வகுப்பினின்று கீழ்வகுப்பிற்கு இறக்கப்படுதல் மற்றொன்று. முன்னதன் துயரம் அடுத்த சனிக்கிழமை வரையில் நிற்கும். பின்னதோ ஊரையே தலைகுனியச் செய்வது. சங்கத்தின் வருவாயைக் குறைப்பது. நல்லாட்டக்காரர் பலரைப் பிற சங்கங்களுக்குப் போக்குவது. இங்கிலாந்து தேசத்தின் முதல் வகுப்பாகிய பிரீமியர் லீக்கில் 20 சங்கங்கள் உள. ஒவ்வொன்றும் ஆண்டிற்கு 38 ஆட்டம் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி. சமனாயின் 1 புள்ளி. ஆண்டிறுதியில் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் வகுப்பிற்கு இறங்க, அங்கிருந்து மூன்று சங்கங்கள் மேலேறும்.

இவ்வாறு இறங்கிய சங்கங்கள் செய்யும் முதற்காரியம் பெரும்பாலும் மானேஜரை விலக்குதலே. மானேஜராவார், ஆட்டக்காரரைத் தேர்ந்து, பயிற்றி, எவரை எவ்விடத்தில் நிறுத்துவது என வகுப்பவர். பதினொருவரையும் ஒருங்கே விலக்கல் இயலாது. ஒருவரை விலக்கல் எளிது. பத்திரிகைகளும் அதனையே எதிர்நோக்கும். இவ்வழக்கத்திற்கு மாறாக, தான் இறங்கிய காலத்து இருந்த மானேஜரையே வைத்துக்கொண்டு, மறு ஆண்டே மேலேறிய ஒரு சங்கத்தின் செய்தியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது பர்ன்லிச் சங்கம். அச்செயல் இரக்கத்தாற் செய்யப்பட்டதா, அறிவாற் செய்யப்பட்டதா என்பதே நம் வினா.

பர்ன்லி என்பது லங்காஷயர் மாகாணத்தில் ஒரு நெசவூர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்த் தறிகள் உலகிற் பெரும்புகழ் பெற்றிருந்தன. சுதேசி இயக்க நாளில் நம் முன்னோர் தீயிலிட்ட சீமைத்துணி லங்காஷயர்த் தறிகளினின்று வந்ததே என்பதை நினைப்பின், அவ்வூர் நமக்கு முற்றிலும் அயலூர் அன்று. பிற்காலத்தில் ஆலைகள் மூடப்பட்டன. பந்தாட்டம் மட்டும் எஞ்சியது. ஒரு லட்சம் மக்களும் இல்லாத அவ்வூரின் சங்கம் 1882-ஆம் ஆண்டில் தோன்றியது. 1888-இல் லீக்கைத் தொடங்கிய 12 சங்கங்களுள் ஒன்றாய் நின்றது. 1921-இலும் 1960-இலும் இங்கிலாந்தின் தலைமைப் பட்டத்தை வென்றது. 1987-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் நான்காம் வகுப்பினின்றும் வெளியேற்றப்படும் நிலைக்கு வந்து, ஓரியண்ட் சங்கத்தை 2-1 என வென்று உயிர் தப்பியது. தாழ்வு இன்னதென அறிந்த சங்கம் அது என்பதற்கு இத்துணை போதும்.

2012-ஆம் ஆண்டு அக்டோபரில் ஷான் டைச் என்பவர் அதன் மானேஜராக அமர்ந்தார். தற்காப்பு வரிசையில் ஆடிப் பழகியவர், குரல் கரகரத்தவர். அதற்குச் சில திங்கள் முன்னரே வாட்ஃபோர்டுச் சங்கம் அவரை விலக்கியிருந்தது. அங்கு அவர் சங்கத்தை இரண்டாம் வகுப்பில் 11-ஆம் இடத்தில் நிறுத்தியவர். குறை கூறத்தக்க நிலையன்று. சங்கம் புது உரிமையாளர் கைக்கு மாறவே, அவர்கள் தமக்கு வேண்டியவரை அமர்த்தினர். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்க, மீண்டும் வேண்டப்படும்.

பர்ன்லியில் அவர் மிகச் சிறு செலவில் ஒரு குழுவை அமைத்தார். டானி இங்ஸ், சாம் வோக்ஸ் என்னும் இரு முன்னணியாளர் கோல்களைக் குவிக்க, 2013-14-இல் 93 புள்ளி பெற்று, இரண்டாம் இடத்தில் நின்று, சங்கம் பிரீமியர் லீக்கிற்கு ஏறியது. ஆயின் அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே வோக்ஸ் முழங்காலிற் பெருங்காயம் உற்றார்; மேல்வகுப்பின் முதற்பாதியிற் பெரும்பகுதி அவரில்லாமலே கழிந்தது.

நிற்க. 2014-15-ஆம் ஆண்டின் ஆட்டங்களைச் சிறிது நுணுகி நோக்குவோம். தீர்ப்பு அங்கேயே கிடக்கின்றது. முதற் பத்து ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. நவம்பரில் ஹல் சங்கத்தை 1-0 என வென்றதே முதல் வெற்றி. எனினும் பெருஞ் சங்கங்கட்கு அஞ்சி ஒடுங்கிற்றில்லை. அவ்வாண்டு பட்டம் வென்ற செல்சியின் மைதானத்திலேயே 1-1 எனச் சமன் செய்தது. முந்திய ஆண்டின் பட்டத்தைத் தாங்கி நின்ற மான்செஸ்டர் சிட்டியை 2015 மார்ச்சில் 1-0 என வென்றது. பிறகு ஏப்ரல் 25-ஆம் நாள் லெஸ்டர்ச் சங்கத்தோடு ஆடிய ஆட்டம். இரு சங்கங்களும் இறக்கத்திற்கு அஞ்சி நின்ற காலம். பர்ன்லிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மாத் டெய்லர் உதைத்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பிற்று. ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்தில் மறுகோடியில் ஜேமி வார்டி கோலடித்தார். ஆட்டம் 0-1. லெஸ்டர் தப்பியது, அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் தலைமைப் பட்டத்தையே வென்று உலகை வியக்கவைத்தது. கம்பத்தின் உட்புறம் இரண்டு விரற்கடை தள்ளிப் பந்து பட்டிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என எண்ணுவது ஆராய்ச்சியாகாது. எனினும் எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

மே 9-ஆம் நாள், 1987-இல் உயிர் தப்பிய அதே நாளில், பர்ன்லி ஹல் நகரில் 1-0 என வென்றும் இறக்கம் உறுதியாயிற்று. வென்ற நாளிலே வீழ்தல் எத்துணைக் கசப்பு! 38 ஆட்டங்களில் 7 வெற்றி, 12 சமன், 19 தோல்வி, 33 புள்ளி, 19-ஆம் இடம்.

இனி இவ்வெண்களைப் பிரித்துக் காண்போம். பர்ன்லி அவ்வாண்டு வாங்கிய கோல்கள் 53. 14-ஆம் இடத்தில் நின்ற லெஸ்டர் வாங்கியவை 55. 15-ஆம் இடத்து நியூகாஸில் 63. 17-ஆம் இடத்து ஆஸ்டன் வில்லா 57. தப்பிப் பிழைத்த மூன்று சங்கங்களினும் பர்ன்லியின் காவல் வலிதாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும். ஆயின் அது அடித்த கோல்கள் 28 மட்டுமே. அவ்வகுப்பிலேயே இஃதே மிகக் குறைவு. அவற்றுள் 11 இங்ஸ் ஒருவர் அடித்தவை. ஆகவே நோய் இன்னதென மயக்கமின்றித் தெரிகின்றது. ஒழுங்கு குலையவில்லை, ஊக்கம் தளரவில்லை, பயிற்சியிற் குறைவில்லை. பந்தை வலைக்குள் செலுத்துவார் போதவில்லை. அக்குறை மானேஜரின் அறிவின்கண் உள்ளதோ, சங்கத்தின் பணப்பையின்கண் உள்ளதோ என வினவின், பெரும்பகுதி பின்னதன்கண் என்றே நாம் கூறுவோம். முழுதும் அன்று. பல வாரங்கள் தொடர்ந்து அதே பதினொருவரையே இறக்கி, மாற்று நாடாது நின்றது டைச்சின் பிடிவாதமே.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதலை ஓர் அதிகாரமாகவும், தெரிந்துவினையாடலை அடுத்த அதிகாரமாகவும் வைத்த முறை ஈண்டு நோக்கற்பாலது. ஆளைத் தேர்தல் ஒன்று, தேர்ந்த ஆளுக்கு வினையை ஒப்படைத்தல் வேறொன்று. பர்ன்லியின் ஆட்சிக்குழுவினர் இரண்டாவதில் வழுவினராதலின், முதலதனைக் குற்றம் கூற முற்படவில்லை. டைச் தம் பதவியில் நிலைத்தார்.

ஆயினும் நிலைக்கவிடுதல் மட்டும் போதுமா? லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் காய்க்காத அத்திமரத்தைப் பற்றிய உவமை நம் கல்லூரியில் யாவரும் கேட்டதே. அதனைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் பிரசங்கிப்பார் பலர். ஆனால் அத்தோட்டக்காரன் ஓராண்டுத் தவணை மட்டும் கேட்டானல்லன். அடிமண்ணைக் கொத்துவதாகவும் எருவிடுவதாகவும் உடன்பட்டான். கொத்தாமலும் எருவிடாமலும் ஓராண்டு பொறுத்தல் மரத்திற்கும் நன்றன்று, தோட்டத்திற்கும் நன்றன்று. 2015-ஆம் ஆண்டுக் கோடையில் பர்ன்லியில் நடந்தது இவ்விரண்டுமே.

கொத்துதலை முதலிற் காண்போம். அது வலி தருவது. ஒப்பந்தம் முடிந்த இங்ஸ் லிவர்பூலுக்குச் சென்றார். வலப்புறக் காவலர் கீரன் டிரிப்பியர் டாட்டன்ஹாமிற்கு விற்கப்பட்டார். குழுத்தலைவராயிருந்த ஜேசன் ஷாக்கெல் டார்பிக்குப் போனார். குழுவின் முதுகெலும்பில் மூன்று கணு போயின என்னலாம். வேறொரு மானேஜர் புதிதாக வந்திருப்பின், எஞ்சினோர் யாவர், எவர் எதற்கு ஆவர் என அறிவதற்கே அரையாண்டு சென்றிருக்கும். டைச்சிற்கு அவ்வறிவு கைவசம் இருந்தது. கோல்காப்போன் டாம் ஹீட்டனைக் குழுத்தலைவராக்கினார். காயம் தீர்ந்த வோக்ஸ் முன்னணியில் நின்றார். நான்கு, நான்கு, இருவர் என்னும் பழைய வகுப்புமுறை மாறவில்லை. கோடைப் பயிற்சியின் தொடக்கத்தில் ஆட்டக்காரரைச் சோரச்சோர ஓடவைக்கும் அவரது வழக்கமும் மாறவில்லை.

எருவிடுதல் ஆகஸ்டில் நிகழ்ந்தது. பிரென்ட்ஃபோர்டிலிருந்து ஆன்ட்ரே கிரே என்னும் முன்னணியாளரைச் சங்கம் தன் வரலாற்றில் அதுவரை கொடாத பெருவிலை கொடுத்துக் கொண்டது. நடுக்களத்திற்கு ஜோயி பார்ட்டனை விலையின்றிச் சேர்த்தது. பார்ட்டன் களத்திலும் வெளியிலும் கலகத்திற்குப் பெயர் பெற்றவர். அவரைச் சேர்த்தல் பாம்பைப் பெட்டியிலிட்டு வைத்தல் போலும் எனப் பலர் எண்ணியிருப்பர். அவ்வாண்டு முழுதும் அவர் நடுக்களத்தின் தூணாய் நின்றார். இறங்கிய சங்கத்திற்குச் சில ஆண்டு வரை மேல்வகுப்பின் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கு வழங்கப்படும் விதியொன்று உண்டு. அப்பணத்தைச் சம்பளத்தில் வீணாக்கி மூன்றாம் வகுப்பிற்கும் சரிந்த சங்கங்கள் உள. பர்ன்லி அதனைக் கருதிச் செலவிட்டது. புதிய பயிற்சிக்கூடம் ஒன்றும் எழுப்பப்பெற்று 2017-இல் திறக்கப்பட்டது.

இரண்டாம் வகுப்பில் ஆண்டிற்கு 46 ஆட்டம். தொடக்கம் நன்று என்பதன்றிச் சிறப்பெனக் கூறற்கில்லை. டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸிற்கு மறுநாள், அதே ஹல் நகரில் 0-3 எனப் பெருந்தோல்வி நேர்ந்தது. பழைய மானேஜரை வைத்துக்கொண்டது தவறு எனக் கூற விழைவார்க்கு இதனினும் நல்ல வாய்ப்பு வாய்ப்பதரிது. ஆனால் அதன்பின் ஆண்டிறுதி வரையில் ஆடிய 23 லீக் ஆட்டங்களில் பர்ன்லி ஒன்றிலும் தோற்றிலது. 2016 மே 2-ஆம் நாள் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுடன் ஆடிய ஆட்டத்தில் வோக்ஸ் அடித்த ஒரே கோலால் மேலேற்றம் உறுதியாயிற்று. 7-ஆம் நாள் சார்ல்டனில் 3-0 என வென்று வகுப்பின் பட்டத்தையும் பெற்றது. 26 வெற்றி, 15 சமன், 5 தோல்வி, 93 புள்ளி. கிரே அவ்வகுப்பிலேயே மிகுதியான கோலடித்தவர். பிரென்ட்ஃபோர்டிற்கு அடித்தவை இரண்டும் கூட்ட 25. வோக்ஸ் 15. நோய் எவ்விடத்திலோ மருந்தும் அவ்விடத்திலேயே இடப்பட்டது என்பது காண்க.

இம்முறை மேல்வகுப்பில் அவர்கள் 16-ஆம் இடத்தில் நிலைத்தனர். 2017-18-இல் 7-ஆம் இடம் பெற்று, அரை நூற்றாண்டிற்கு மேலாக மறந்திருந்த ஐரோப்பியப் போட்டிகளிலும் புகுந்தனர். ஊரில் ஒரு மதுக்கடைக்கு டைச்சின் பெயரே சூட்டப்பட்டது. மதுவிலக்கை ஆதரிக்கும் நாம் அப்பெருமையை அளவோடு பாராட்டுவோம்.

இச்செய்தியைக் கொண்டு, இறங்கிய மானேஜரை வைத்துக்கொள்ளுதலே எஞ்ஞான்றும் நன்றெனப் பொதுவிதி வகுத்தல் கூடாது. நியூகாஸிலுக்கு ரஃபாயேல் பெனிட்டெஸ் வந்தது 2016 மார்ச்சில், பத்தே ஆட்டங்கள் எஞ்சிய போது. இறக்கம் அவரால் நேர்ந்ததன்று. அவர் நிலைத்து மறு ஆண்டு 94 புள்ளியோடு பட்டம் வென்றதில் வியப்பில்லை. நார்விச்சின் செய்தியோ நம்மைத் திகைப்பிக்கின்றது. டானியேல் ஃபார்க்கேயின் கீழ் அச்சங்கம் 2019-20-இன் கடைசிப் பத்து லீக் ஆட்டங்களையும் தோற்று, 21 புள்ளியோடு இறங்கியது. அவரை விலக்கினாரல்லர். மறு ஆண்டு 97 புள்ளி, பட்டம்! பர்ன்லியை விஞ்சிய எழுச்சி. ஆயின் மீண்டும் மேலேறிய போது தன் சிறந்த ஆட்டக்காரராகிய எமிலியானோ புவென்தியாவை ஆஸ்டன் வில்லாவிற்கு விற்றுவிட்டது. முதல் வெற்றி 2021 நவம்பர் 6-ஆம் நாள் வரை வாராது. வந்த அன்றே, சில மணி நேரத்திற்குள், ஃபார்க்கே விலக்கப்பட்டார். ஆண்டிறுதியில் 22 புள்ளி. கீழ்வகுப்பில் வெல்லும் கலையும் மேல்வகுப்பில் நிலைக்கும் கலையும் வேறு வேறு என்பதை அச்சங்கம் இருமுறை விலை கொடுத்துக் கற்றது.

டைச்சின் கதையும் இனிது முடிந்ததன்று. 2020-ஆம் ஆண்டிறுதியில் பர்ன்லி புது உரிமையாளர் கைக்கு மாறியது. 2022 ஜனவரியில் முன்னணியாளர் கிறிஸ் உட் நியூகாஸிலுக்குச் சென்றார். ஏப்ரல் 15-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, 8 ஆட்டங்கள் எஞ்சியிருக்க டைச் விலக்கப்பட்டார். இறக்கம் தவிரவில்லை. அவ்வாண்டு வாங்கிய கோல்கள் 53. ஏழாண்டிற்கு முன் வாங்கியவையும் 53. அடித்தவை 34 மட்டுமே. பழைய நோயே பழைய இடத்தில் திரும்பியது.

விலக்கியது நன்றன்றோ, மறு ஆண்டில் வின்சென்ட் கொம்பனியின் கீழ் அச்சங்கம் 101 புள்ளி பெற்றதே எனின், அது மெய்யே. ஆனால் அவ்வாண்டு ஆடிய குழுவிற் பெரும்பாலார் புதியவர். எருவும் தாராளமாக இடப்பட்டது. அதே கொம்பனியின் கீழ் 2023-24-இல் 24 புள்ளியோடு மீண்டும் இறங்கியது. டைச்சை வைத்திருப்பின் 2022-23-இல் யாது நேர்ந்திருக்கும் என்பதை அறிவார் எவருமிலர். எண்களைக் கொண்டு ஒன்று மட்டும் கூறலாம். 2015-இல் அவரை வைத்துக்கொண்டவர்கள் அவரை அமர்த்தி ஏறத்தாழ மூன்றாண்டு அவர் வேலையை உடனிருந்து கண்டவர்கள். 2012-இல் வாட்ஃபோர்டிலும் 2022-இல் பர்ன்லியிலும் அவரை விலக்கினோர் இருவரும் அவரைத் தாம் தேர்ந்து அமர்த்தியவர் அல்லர்.