காராமணித் தழை வாடுதா? பிடுங்கிப் பார்த்துட்டு மருந்து தேடுங்க

குளிர்நாடுகளில் மாட்டுக்குக் குளோவர் விதைப்பார்கள். பஞ்சாப், அரியானா பக்கம் பெர்சீம். நம்ம பண்ருட்டி செம்மண் காட்டில் அந்த வேலையைச் செய்வது தீவனக் காராமணி. மாட்டுக்குப் புரதம், மண்ணுக்குத் தழைச்சத்து. ஆனா செடி வாடினதும் கையில் இருக்கிற கரைசலைத் தெளிச்சா போதாது. வேரில் இருக்கிற நோயை இலையில் தெளித்து என்ன பயன்? நாலைந்து செடியைப் பிடுங்கி, வேர், தண்டு, இலை மூன்றையும் பாருங்க.

வேரழுகல்: வெயிலும் வறட்சியும் சேர்ந்தா வரும். வேர்ப்பட்டை நாராக உரியும். உள்ளே கரித்தூள் போலப் புள்ளிகள் தெரியும். வாடின செடி பிழைக்காது, பிடுங்கி எரிச்சிடுங்க. மற்றதுக்கு ஈரம் காயாமல் பார்த்துக்கோங்க.

தண்டழுகல்: தரையை ஒட்டின தண்டில் வெள்ளை நூல், கடுகு போன்ற மணிகள். மல்லாட்டையைத் தாக்குவதும் இதே பூஞ்சணம்தான். செடியை அந்த மணிகளோட சேர்த்து அப்புறப்படுத்துங்க.

தேமல்: இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கும், இலை சுருங்கும். அசுவினி பரப்பும், விதையிலும் தொடரும். தாக்கின செடியைக் களைந்திடுங்க, அந்தக் காட்டில் விதை எடுக்காதீங்க. அசுவினிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம். தெளித்த உடனே அறுத்துப் போட்டா கசப்புக்கு மாடு முகத்தைத் திருப்பும். சில நாள் விடுங்க.

துரு: இலையின் அடிப்பக்கம் செம்பழுப்புக் கொப்புளம், தேய்த்தா விரலில் தூள் ஒட்டும். இதுக்கு அரிவாள்தான் மருந்து. வழக்கமா 50-55 நாளில், பாதிச் செடி பூக்கும்போது அறுப்போம். துரு பரவ ஆரம்பிச்சா அதுக்கு முன்னாடியே அறுத்திடுங்க. காத்திருந்தா இலை கொட்டி, மாட்டுக்குத் தண்டுதான் மிஞ்சும்.

அழுகின, பூசணம் பிடிச்ச தழையை மட்டும் கறவைக்குப் போடவே கூடாது.

விதைக்கும்போதே செய்ய வேண்டியது: 1 கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்க. ஏக்கருக்கு அதே டிரைக்கோடெர்மா 1 கிலோவை 20 கிலோ மக்கின தொழுவுரத்தில் கலந்து, ஈரமிருக்கும்போது தூவுங்க. கோடையுழவை விடாதீங்க.

பட்டம் மாற்றுவதிலும் கவனம் வேணும். தண்டழுகல் கண்ட மல்லாட்டைக் காட்டில் அடுத்த பட்டமே காராமணி விதைக்காதீங்க. காராமணியில் கண்டா மல்லாட்டை போடாதீங்க. நடுவில் தீவனக் கம்போ சோளமோ போடுங்க. மாட்டுக்கும் தீவனம் கிடைக்கும். மல்லாட்டை வருமானத்துக்கும் ஆபத்து குறையும்.