அர்ஜினின் வேண்டுமா? கடலையை மென்று தின்னுங்கள்

கடலை எண்ணெயில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, ரத்தக் குழாய்க்கு நல்லது என்று நம்பி எண்ணெயைக் கூடுதலாக ஊற்றாதீர்கள். செக்கில் ஆட்டும்போது புரதம் ஏறக்குறைய முழுவதும் பிண்ணாக்கோடு தங்கிவிடும். எண்ணெயாக வழிவது கொழுப்புதான்.

அர்ஜினின் இருப்பது கடலையில். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 3 கிராம். அதிலிருந்து உடல் தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயைத் தளர்த்தி விரியவைக்கிறது.

தினம் ஒரு கைப்பிடி போதும். இரவே ஊறப்போட்டு, காலையில் துளி கல்லுப்புடன் அவித்து, உள்தோலோடு சாப்பிடுங்கள். எண்ணெயில் பொரித்ததைவிட இது எவ்வளவோ மேல். சுருங்கியது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எதையும் விழுங்காதீர்கள். அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கலாம், அவித்தாலும் போகாது.

கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் செக்கு எண்ணெயும் ஆகாது, அதில் துளிப் புரதம் ஒட்டியிருக்கலாம்.