பருவுக்குப் பன்னிரண்டு வாரம்

கும்பகோணம்

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நெற்றியில் பொடிப்பொடியாக, கன்னத்தில் சிவந்து சீழ் கோத்து என்று இரண்டு மாதிரியும் இருக்கிறது. கூடவே நீ எழுதியிருந்த வைத்தியப் பட்டியலையும் படித்தேன்: எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், ஐந்து வேளை சோப்பு, அறை நண்பன் கொடுத்த பெயர் தெரியாத கிரீம். பருவைவிட இந்தப் பட்டியல்தான் எனக்குக் கவலை. இத்தனை வருஷம் மருந்துக்கடையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், பரு வந்த முகத்துக்குக் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். செய்வதை விடாமல் செய்ய வேண்டும்.

பரு எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உன் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது தோலுக்கடியில் உள்ள சுரப்பிகள் எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கும். மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். உள்ளே தேங்கும் எண்ணெயில், எல்லார் தோலிலும் சும்மா இருக்கும் ஒரு பாக்டீரியா பெருகும். அதை உடம்பு எதிர்க்கும்போதுதான் சிவப்பும் வீக்கமும் சீழும். கரும்புள்ளி கறுப்பாக இருப்பது அழுக்கால் அல்ல. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் அங்குள்ள பொருள் காற்றுப் பட்டுக் கறுத்துப்போகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. தோல்தான் புண்ணாகும்.

இந்த அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் உருவாகிப் பருவாக வெளியே வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்குக் கண்ணாடியில் நீ பார்ப்பது போன மாதமே உள்ளே ஆரம்பித்தது. அதனால் எந்த மருந்தானாலும் பலன் நன்றாகத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். நாலு நாள் போட்டுவிட்டு “கேட்கலை மாமா” என்று வேறு ட்யூபுக்குத் தாவுகிறவர்களைத்தான் தினமும் கடையில் பார்க்கிறேன்.

இனி செய்யவேண்டியது. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை முகம் கழுவு. விளையாடி வேர்த்து வந்தால் இன்னொரு தடவை. மென்மையான பேஸ்வாஷ் போதும். எண்ணெய்ப் பசை அதிகமிருந்தால் சாலிசிலிக் அமிலம் கலந்தது வாங்கிக்கொள். தேய்க்காமல் விரல் நுனியால் பூசிக் கழுவி, துண்டால் ஒற்றி எடு. அதன்பின் எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் போடு. “பிசுபிசுக்கும் முகத்துக்கு அது எதுக்கு?” என்று கேட்பாய். பரு மருந்துகள் தோலை உலர்த்தும், உலர்ந்தால் எரியும், எரிந்தால் நீ மருந்தையே நிறுத்திவிடுவாய். அதற்காகத்தான். பகலில் வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன், ஜெல் வகையாகப் பார்த்து வாங்கு. நம் மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும்.

மருந்தில் முதல்படி பென்சாயில் பெராக்ஸைடு ஜெல். 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் வாங்கினால் பலன் பெரிதாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டாணி அளவு எடு. நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி வைத்து மெல்லிசாகப் பரப்பு. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் படக்கூடாது. பருவின் தலையில் மட்டும் வைக்காதே. பரு வரும் இடம் முழுக்கப் பூசினால்தான் அடுத்தது கிளம்பாது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடு. ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த ஜெல் துணியை வெளுக்கும். வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள். இல்லாவிட்டால் அக்காவிடம் நீதான் பதில் சொல்லவேண்டும். அடாபலீன் ஜெல், ஆன்டிபயாடிக் ஜெல் எல்லாம் டாக்டர் பார்த்து எழுதட்டும். ஆன்டிபயாடிக்கைத் தனியாகவே போட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் கிருமி அதற்குப் பழகிவிடும்.

இப்போது அந்தப் பெயர் தெரியாத கிரீம். ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். அதில்தான் எல்லோரும் ஏமாறுவது. போகப்போகத் தோல் மெலிந்து சிவப்பாக ரத்தக்குழாய் தெரியும், பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும், நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட கிரீம்களை விற்கக்கூடாது என்று 2018இல் அரசாங்கமே விதியை இறுக்கியது. ஆனாலும் நசுங்கிய ட்யூபைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து “இதே மாதிரி ஒண்ணு குடுங்க” என்று கேட்பவர்கள் குறையவில்லை. நீ எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று எனக்கு உடனே போன் பண்ணு. ரொம்ப நாளாகியிருந்தால் நீயாக நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார்த்து நிறுத்து. எலுமிச்சையையும் பேஸ்டையும் இன்றைக்கே விட்டுவிடு. இரண்டும் தோலைப் பொசுக்கும்.

கையை முகத்துக்குக் கொண்டுபோகாதே. பருவைக் கிள்ளினால் சீழ் பாதி வெளியே வரும், மீதி ஆழத்துக்குப் போகும். பள்ளத் தழும்பு விழுந்துவிட்டால் எந்தக் கிரீமும் அதை நிரப்பாது.

அத்தை “உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள்” என்கிறாள். தாராளமாகக் குளி. ஆனால் தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கும். நெற்றியில் வழிவதை நன்றாகக் கழுவிவிடு. தினமும் தலைக்கு எண்ணெய் வழிய வைத்துக்கொண்டு நெற்றிப் பருவுக்கு மருந்து தேடுவது வீண். அந்தப் பொடிப்பருக்கள் ஒரே அளவாக இருந்து அரிக்கவும் செய்தால் அது பருவாகவே இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் சொல். ஹெல்மெட் உள்துணியை அடிக்கடி துவை. ஜிம்மில் வே புரோட்டீன் குடித்தால் சிலருக்குப் பரு கூடும். ஒரு மாதம் நிறுத்திப் பார். இனிப்பும் குளிர்பானமும் குறையட்டும். மற்றபடி வறுத்த மீனுக்குப் பயந்து மெஸ் சாப்பாட்டை ஒதுக்க வேண்டாம்.

பன்னிரண்டு வாரம் காத்திரு என்று நான் சொல்வது சாதாரணப் பருவுக்கு மட்டும்தான். தோலுக்கடியில் கல் மாதிரிக் கட்டி வந்து வலித்தாலோ, பள்ளம் விழ ஆரம்பித்தாலோ, வெளியே தலைகாட்டவே மனசு வரவில்லை என்றாலோ ஒருநாள்கூடத் தள்ளாதே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, போய்ச் சீட்டு எழுதிக் காட்டு. அந்த வகைப் பருவுக்கும் மருந்து உண்டு. அதை டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும்.

இன்றைக்கு ஜன்னல் பக்கம் நின்று ஒரு படம் எடுத்து வை. அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மாதம் ஒன்று எடு. நடுவில் கண்ணாடி முன் நின்று எண்ணிக்கொண்டிருக்காமல் படிப்பைப் பார். செமஸ்டர் லீவுக்கு வரும்போது படங்களை வரிசையாகப் பார்த்து மேற்கொண்டு என்ன செய்வதென்று பேசலாம்.

அன்புடன்
உன் மாமா