நெருப்பை விட வேகமாகப் பரவியது



1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை பகல் 11.58 மணி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோவையும் அதன் அருகிலுள்ள துறைமுக நகரம் யோகோஹாமாவையும் பெரும் பூகம்பம் உலுக்கியது. அது மதிய உணவு சமைக்கும் நேரம். பெரும்பாலானவை மர வீடுகள். அடுப்புகள் கவிழ்ந்து நகரெங்கும் தீப்பிடித்தது. பலத்த காற்றும் வீசியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து போனதால் தீயை அணைக்க வழியில்லை. ஹோன்ஜோ பகுதியில் ஒரு திறந்தவெளியில் தஞ்சம் புகுந்தவர்களில் மட்டும் சுமார் 38,000 பேர் கருகி மாண்டார்கள். மொத்தம் இறந்தவர்கள் சுமார் 1,05,000 பேர். இவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது தீதான்.

கண்ணியமிக்கவர்களே! அந்தத் தீ அணையும் முன்பே இன்னொரு தீ பற்றியது.

"கொரியர்கள்தான் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள்" என்று ஒரு வதந்தி கிளம்பியது. கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்கள் அவர்கள். யாரும் விசாரிக்கவில்லை. அதிகாரிகளே அந்தச் செய்தியைத் தந்தியில் அனுப்பினார்கள், பத்திரிகைகள் அச்சிட்டன. ஊர்க்காவல் கும்பல்கள் தெருவில் நின்று, வருவோரைச் சில ஜப்பானியச் சொற்களை உச்சரிக்கச் சொன்னார்கள். நாக்குப் புரளாதவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. பூகம்பத்திலும் தீயிலும் தப்பியவர்கள் பொய்யால் செத்தார்கள்!

தீயவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று சூரா அல்ஹுஜுராத் 6வது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத் தர மறுத்துவிட்டதாக வந்த தவறான தகவலை ஒட்டி இறங்கிய வசனம் என முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். விசாரித்ததால் அங்கே இரத்தம் சிந்தப்படவில்லை. டோக்கியோவில் விசாரிக்காததால் இரத்தம் ஓடியது.

கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள். "நானாகச் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பவருக்கும் இதில் தப்பிக்க இடமில்லை.

அந்த நாட்களிலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. யோகோஹாமாவின் த்சுருமி காவல் நிலைய அதிகாரி ஒகாவா, சுமார் 300 கொரியர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, சூழ்ந்து நின்ற கும்பலிடம் ஒப்படைக்க மறுத்தார். ஓர் உயிரை வாழவைப்பவர் மனிதர்கள் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற அல்மாயிதா 32வது வசனத்தின் கருத்து நினைவுக்கு வருகிறதல்லவா?

சகோதரர்களே! வெள்ளம், தீ, கலவரம் என எது வந்தாலும் முதலில் நம் கைக்கு வருவது வாட்ஸ்அப் செய்திதான். குறிப்பாக ஒரு சமூகத்தைக் குற்றம் சாட்டும் செய்தி வந்தால், அது எந்தச் சமூகமாக இருந்தாலும், விரலை நிறுத்துங்கள். யார் சொன்னது, எங்கே நடந்தது என்று கேளுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் அது உங்களோடு நிற்கட்டும். வதந்தியால் பாதிக்கப்படும் வலியை அறிந்த நாம், அதைப் பிறருக்குச் செய்யக் கூடாது.

பேரிடர்களை விட்டும், நம் நாவாலும் விரலாலும் பிறருக்கு நேரும் தீங்கை விட்டும் அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.