கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயர்

"மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது. கீழாநெல்லியை அரைத்து மோரில் மூன்று நாள் குடித்தால் போதும்." தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பில் ஏலத்தோட்ட ஜீப்புக்குக் காத்து நிற்பவர்களும் இதையே சொல்கிறார்கள், கம்பம் நகரில் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

காமாலை நோயல்ல, நோயின் அடையாளம். ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி ஏறினால் கண் மஞ்சளாகும். ஏன் ஏறியது என்றுதான் பார்க்க வேண்டும். அழுக்குத் தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ என்றால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கும். அதற்குள் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். கீழாநெல்லி பெயர் வாங்கியது இப்படித்தான். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தால் எந்த இலை அதை எடுக்கும்? கணையத்தில் கட்டி இருந்தால்? நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிரே போகலாம். அவரை மோர் கொடுத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்!

"ஆராய்ச்சியே நிரூபித்திருக்கிறதே" என்பார்கள். 1988-ல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழு லான்செட் இதழில் எழுதியதைச் சொல்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுக் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆனால் அவர்கள் யாரும் கண் மஞ்சளாகி வந்தவர்கள் அல்லர். நோயின்றி வைரஸை மட்டும் சுமந்தவர்கள். பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை. 2011-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் நம்பத்தக்க சான்றில்லை என்றது. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

மற்ற கைவைத்தியங்கள் பற்றிச் சுருக்கமாக. இஞ்சி குமட்டலைக் குறைக்கும், சான்று உண்டு. மணத்தக்காளிக் கீரை நல்ல கீரை. ஆனால் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் கிருமி அல்லது வலி மாத்திரை, கீரையால் கிருமி போகாது. காமாலைக்குக் கையில் சூடு போடுவது கொடுமை, அவ்வளவுதான்.

ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் தண்ணீரில் வருபவை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் வைரஸ் சாகும். மலைக்கு ஆள் ஏற்றும் கங்காணிகளே, தோட்ட முதலாளிகளிடம் கூலி பேசும்போதே கொதித்து ஆறிய குடிநீரையும் பேசி வாங்குங்கள். விறகும் அண்டாவும் அவர்கள் கொடுக்கட்டும்.