ஆழம் கூடினால் நீர் கூடுமா?

கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் பகுதி விவசாயிகள், ஆழ்துளைக் கிணற்றில் நீர் குறைந்தால் மேலும் ஆழப்படுத்தவே விரும்புகின்றனர். இது எல்லா நிலத்திற்கும் பொருந்தாது.

காவிரிப் படுகையில் நரிமணத்தில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே எண்ணெய் கிடைக்கிறது. அங்குள்ளது படிவுப்பாறை, ஆழத்திலும் மணற்பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கும். மலையடிவாரத்தில் உள்ளதோ சார்னோகைட் போன்ற கடினப்பாறை. மேலே சிதைந்த பாறையிலும், அதன் கீழ் வெடிப்புகளிலுமே நீர் தேங்கும். ஆழம் கூடக்கூட, மேற்பாறையின் பாரத்தால் வெடிப்புகள் குறுகி அரிதாகின்றன.

ஆகவே துளையிடும் முன் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி, மின்தடை ஆய்வின் மூலம் இடம் தேர்ந்தெடுப்பது நலம். துளையிடும்போது வெளிவரும் தூளைக் கவனிக்க வேண்டும். வெகு ஆழம் வரை ஈரமற்ற தூளே வந்தால் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் இறங்கினால் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும்.